வலிக்காத இடம்

இரண்டு விரலுக்கு நடுவே அவர் வயிற்றுத்தோல் எழும்பி நிற்கிறது, தொப்புளுக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி, ஊசி உள்ளே போகிறது, அவர் எப்போதும்போலச் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு முகச்சுளிப்பு இல்லை, அதுக்குள்ள போட்டுட்டியாட்டி என்கிறார், நான் மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டே அவர் வாயைப் பார்க்கிறேன், கடைவாயில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான், சீனியத் தொடவே இல்ல சிஸ்டர் என்று சத்தியம் பண்ணியவர்களின் தலையணைக்கு அடியில் எத்தனை மைசூர்பாகு எடுத்திருப்பேன், என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவரா.

முதல் நாள் வலப்பக்கம் போட்டபோது கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்குட்டி என்று துள்ளினார், முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது, மறுநாள் இடப்பக்கம் போட்டேன், போகப் போக வலியே இல்லை என்றார், அங்கனயே போடு, நீ போட்டா தெரியவே மாட்டேங்கு என்றார், அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது, அங்கேயே போட்டேன், காலையும் மாலையும், ஆறு மாதம். ஊசி வலிக்கவில்லை, சர்க்கரைதான் இறங்கவில்லை, இருநூற்றெழுபது, முந்நூறு, செருப்பு கடித்த கட்டைவிரல் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே வருகிறது, இந்த மாசமும் சர்க்கரை இறங்கலன்னா விரல எடுத்துற வேண்டியதுதான் என்கிறார் டாக்டர், சாப்பாடு ஒழுங்காத்தானே சாப்பிடுதாரு என்று கேட்கிறார், நான் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், ஊசி நான் வேளை தவறாம போடுதேன் டாக்டர், இவருதான் எங்கயோ திருட்டுத்தனமா திங்காரு. அவர் தரையைப் பார்த்தார். பதினெட்டு யூனிட் இன்சுலின் இருபத்துநாலானது, இருபத்துநாலு முப்பதானது.

அவர் சட்டைப்பையை மோந்து பார்த்தேன், சட்டையை ஒரு பகல் முழுக்கத் தரையில் போட்டுவைத்து எறும்பு வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை, நிம்மதி வரவேண்டாமா, பையைத் தட்டிவிட்டுத்தான் வந்திருப்பார் என்று தோன்றியது, டீக்கடை இசக்கியப்பனிடம் போய்க் கேட்டேன், ஐயோ சிஸ்டர், அண்ணாச்சிக்குச் சீனி போட்டா நீங்க எனக்கு ஊசி போட்ருவீகளே என்று சிரித்தான், அவன் சிரித்த சிரிப்பும் சரியில்லை, இரண்டு பேரும் கூட்டு. கனவில்கூட விடவில்லை, அவர் பஸ் ஓட்டிக்கொண்டு போகிறார், ஸ்டியரிங்கைப் பிட்டுப் பிட்டுத் தின்கிறார், அது அல்வா, நான் பின்னாலேயே ஓடுகிறேன், வாயைத் திறங்க, வாயைத் திறங்க, விழித்துப் பார்த்தால் பக்கத்தில் குறட்டைவிட்டுக் கிடக்கிறார், குனிந்து அவர் மூச்சை மோந்து பார்க்கிறேன், சீ, என்ன பிழைப்பு இது.

அந்த வியாழக்கிழமை காலையில் சர்க்கரை பார்க்கிற மிஷின் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது, என்னத்தத் தின்னீங்க, ஒண்ணும் திங்கல, பொய் சொல்லாதீங்க, விரல் போகப்போகுது, அது போனா கால், சொல்லுங்க என்னத்தத் தின்னீங்க, நான் கத்துகிறேன், அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஆமாட்டி, தின்னேன், போதுமா என்றார். பார்த்தாயா, பார்த்தாயா, என்று எனக்குள் ஒருத்தி குதித்தாள், ஜெயித்த மாதிரி இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முப்பது யூனிட்டை ஏற்றிக்கொண்டு வந்து வேண்டுமென்றே வலப்பக்கம் குத்தினேன், வலிக்கட்டும் என்று. துள்ளினார், பிறகு வழக்கம்போல இரண்டு இட்லி தின்றார்.

பத்து மணிக்குப் பேப்பர் அவர் கையிலிருந்து நழுவியது, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை வெடவெடக்கிறது, ஏட்டி, கண்ணு இருட்டுது என்கிறார், மிஷின் நாற்பத்தொன்று காட்டுகிறது, ஏசுவே, தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்குகிறேன், முழுங்குங்க, முழுங்க முடியுதா, முழுங்குகிறார், மோவாயில் வழிகிறது, இன்னும் ஒரு டம்ளர், சட்டையைக் கழற்றி வேர்வையைத் துடைக்கிறேன், துணி இடப்பக்கம் போனபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது, துணியைப் போட்டுவிட்டு அமுக்கிப் பார்த்தேன், தோலுக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு, மெத்தென்று, ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என் கண்ணுக்குள் வரிசையாக வந்து நிற்கிறார்கள், ஊசி குத்திப் பழக ஆளுக்கொரு சாத்துக்குடி கையில், நான் நடுவில் நின்று பாடம் சொல்கிறேன், தோலை மட்டும் கிள்ளித் தூக்கு, போட்டபிறகு தேய்க்காதே, நேற்றுப் போட்ட இடத்தில் இன்றைக்குப் போடாதே, விரல் தள்ளிப் போடு, ஏன் சிஸ்டர் என்கிறாள் ஒருத்தி, போட்ட இடத்துலயே போட்டா கட்டிக்கிடும்டி, நோயாளிக்கு வலிக்காது, ஆனா மருந்து ரத்தத்துல சேராது. சொன்னது என் வாய், தினமும் அந்தக் கட்டியின் தோலைத் தூக்கியது என் விரல், அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஒரு நாளாவது விரல் தொட்டதைப் பார்த்ததா, இன்றைக்குப் புது இடத்தில் முப்பதும் அப்படியே சேர்ந்துவிட்டது, கொன்றிருப்பேன்.

வேர்வை அடங்கி அவர் தெளிந்ததும், பிறகு எதுக்குத் தின்னேன்னு சொன்னீங்க என்றேன், அழுகையில் எனக்கே புரியாத குரலில். உள்ளதத்தான் ஆறு மாசமா சொன்னேன், நீ கேக்கல, பொய்யச் சொன்னேன், ஒடனே நம்பிட்ட என்றார். அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டேன், தப்பு என் கையில டாக்டர், அவரு எதுவும் திங்கல என்று சொன்னேன், மறுபடி பதினெட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

இப்போது வலப்பக்கம், நேற்றுப் போட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, தோல் என் விரலுக்கு நடுவே எழும்பி நிற்கிறது, ஊசி பக்கத்தில் வந்துவிட்டது, அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. இரு, என்கிறார், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார், எத்தன ஏத்திருக்க, காட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கோடு கோடாக விரல் வைத்து எண்ணினார், இரண்டு தடவை, பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி, போடு என்றார்.