பாதுகாப்பு வீரனின் கையுறை

பாதுகாப்பு வாரம் வந்தால் எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகளுக்கெல்லாம் தொழிலாளி மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடும். மார்ச் மாதத்தில் ஏழு நாள் பொங்கும். எட்டாம் நாள் பேனரோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

இந்த வருஷம் அந்தப் பாசம் என் தையல் மிஷின்வரை வந்தது. என் வீட்டுக்காரர் வரதன் வேலை செய்யும் இரும்புக் கம்பி ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன் ஒரு பையோடு வந்து நின்றார். விழாவில் அவர் 'பாதுகாப்பு வீரன்' வேஷம் கட்டப் போகிறாராம். சிவப்பு ஜாக்கெட், அதில் வெள்ளிப் பட்டை, முதுகில் தொங்க ஒரு துணி, பெல்ட், தொப்பி, எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டுமாம். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மூச்சு விடும்வரை காத்திருந்து அளந்தேன்.

"கிளவுஸும் மேட்ச்சா இருக்கணும்மா. செவப்பு பெயின்ட் அடிச்சு ஸ்டார் வெச்சுடு" என்று பையிலிருந்து புத்தம்புதுத் தோல் கையுறை ஒரு ஜோடியை எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரதன் மூன்று மாதமாகக் கையுறை கேட்கிறார். 'ஸ்டாக் இல்ல' என்பதுதான் இவருடைய ஒரே பதில். உள்ளங்கை தேய்ந்து ஓட்டையான பழசோடு சூடு ஆறாத கம்பியைப் பிடித்து, போன வாரம் கை நிறையக் கொப்புளத்தோடு வந்தார். சோற்றை நான்தான் ஊட்டினேன். வேஷத்துக்கு மட்டும் ஸ்டாக் இருக்கிறதாம்!

ஜாக்கெட்டை ஒழுங்காகவே தைத்தேன். தொழிலில் நான் வஞ்சகம் செய்வதில்லை. கையுறைக்கு மட்டும் வரதனின் பழசை எடுத்தேன். புறங்கையில் சிவப்பு பெயின்ட், வெள்ளி ஸ்டார், மணிக்கட்டைச் சுற்றி ஜரிகை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை. உள்ளங்கைப் பக்கத்தைத் தொடவேயில்லை.

புதியதை வரதனிடம் கொடுத்தேன்.

"அந்தாளு கேட்டா இன்னாமே சொல்றது?"

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன். நீ போட்டுக்கினு போ."

விழா நாள் காலையில் வேஷம் கட்டிவிட என்னையே கம்பெனிக்கு அழைத்திருந்தார்கள். கையுறையை நானே மாட்டிவிட்டேன். சந்திரமோகன் புறங்கையைக் கண்ணாடியில் காட்டிக் காட்டி ரசித்தார்.

"சூப்பர்மா. நல்லா காத்தோட்டமா கீது."

உறுதிமொழி நேரம் வந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்துப் பெரியவர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் தொழிலாளிகள் அவரவரிடம் இருந்த கையுறையோடு நின்றார்கள். மேடையில் வீரன் வலது கையை உயர்த்தினார். ஸ்டார்கள் அவர் முகத்தைப் பார்த்தன. ஓட்டை எங்களையெல்லாம் பார்த்தது.

"என்ன சந்திரமோகன், கையுறை இப்படி இருக்கு?" என்றார் பெரியவர்.

வீரன் அப்போதுதான் கையைத் திருப்பிப் பார்த்தார். முகமும் ஜாக்கெட்டுக்கு மேட்ச்சாகிவிட்டது.

"அது... வேஷம் சார். கிழிஞ்சத போட்டா ஆபத்துன்னு காட்றதுக்கு. நம்ம ஆளுங்க யாரும் இப்படி போட மாட்டாங்க சார்."

பெரியவர் திரும்பினார். உறுதிமொழி முடியாததால் அத்தனை கைகளும் உயர்ந்தே இருந்தன. எல்லாவற்றிலும் ஓட்டை. நடுவில் வரதனுடையது மட்டும் முழுசு.

மத்தியானமே ஸ்டோர் பூட்டைத் திறந்தார்கள். இல்லாத ஸ்டாக் பெட்டி பெட்டியாக வெளியே வந்ததாம்.

மறுநாள் சந்திரமோகன் என் வாசலில் நின்று கத்தினார். "நான் குடுத்த புது கிளவுஸ் எங்கம்மா?"

நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஸ்டாக் இல்ல சார்."