காசாபிளாங்கா நேரம்

துபாயில் நான்கு வருடமாகக் ஏசி மாட்டும் புஷாயிப், தன் கைக்கடிகாரத்தை மட்டும் துபாய்க்குப் பழக்கவே இல்லை. அது எப்போதும் காசாபிளாங்கா நேரம்தான் காட்டும். "உடம்பு இங்க, மணி அங்க" என்று கேட்காதவர்களிடமும் பீற்றிக்கொள்வான்.

இன்று உடம்பும் விமானத்தில் அங்கே, சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ரமழானின் முதல் நாள். ஏழு வயது மகள் ரீஹாமுக்கு வாழ்க்கையின் முதல் நோன்பு. மாலை ஆறு முப்பத்திரண்டுக்கு அவளுக்குப் பட்டுக் கஃப்தான் அங்கி உடுத்தி ஏணிப் படியில் நிற்க வைப்பார்கள்; முதல் நோன்பு திறக்கும் பிள்ளைக்கு அந்த ஊர் வழக்கம் அது. முதல் பேரீச்சம்பழம் அப்பா கையால் என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஆறாயிரத்து நூறு கிலோமீட்டர், எட்டு மணி நேரம். டிக்கெட்டின்படி ஐந்து இருபதுக்கு இறங்கவேண்டும். விமானம் இருபது நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது. பரவாயில்லை, சமாளித்துவிடலாம். இறங்கப்போவதாக அறிவித்தபோது கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு முப்பது.

"போச்சு," என்றான். "எதிர்க்காத்து ஒரு மணி நேரத்தை முழுங்கிடுச்சு."

பக்கத்து இருக்கை நர்ஸ் பத்தூல் திரும்பினாள். "பயணிக்குத்தான் நோன்புல விலக்கு இருக்கேண்ணே. ஒரு வாய் தண்ணி குடிங்க, முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு."

"பொண்ணு நோன்பு பிடிக்கிறா. அப்பன் எப்படிக் குடிக்கிறது? இன்னும் ரெண்டு நிமிஷத்துல அங்க நோன்பு திறந்துடுவாங்க."

பத்தூல் ஜன்னலைக் காட்டினாள். கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"உயரத்துல இருக்கோம்ல, லேட்டாத்தான் இறங்கும்," என்று புஷாயிப் விஞ்ஞானம் பேசினான்.

"அண்ணே, ரமழானுக்காகப் போன ஞாயித்துக்கிழமை நாடே கடியாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிச்சே. உங்க கடியாரத்துக்கு யாரும் சொல்லலையா?"

அவனுக்கு வருடாவருடம் அதைச் சொல்பவள் மனைவி. இந்த முறை கஃப்தான் தைக்கும் அவசரத்தில் அவளும் மறந்துவிட்டாள். அப்படியானால் மணி ஐந்தரை. புஷாயிப்புக்கு அந்த நர்ஸைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நோன்பு அவளைக் காப்பாற்றியது.

கைப்பை மட்டும்தான். ஆறு மணிக்கு டாக்சியில் இருந்தான்.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"எனக்கும் வீட்டுல ஹரீரா ஆறிட்டிருக்கு," என்றார் ஓட்டுநர். "உங்களுக்காக இல்ல, அந்தச் சூப்புக்காகப் பறக்கிறேன்."

உண்மையிலேயே பறந்தார். வழியெல்லாம் பசித்த ஊரே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம்கூட அவன் காதுக்குக் கல்யாண மேளமாகக் கேட்டது.

இரண்டாம் மாடிப் படியில் ஏறும்போது நோன்பு திறக்கும் சங்கு ஊதிவிட்டது. மூன்றாம் மாடிக்கு நாய் துரத்தியவன்போல ஓடினான்.

ஏணியில் ரீஹாம். உள்ளங்கையை இறுக மூடியிருந்தாள்.

"வாயைத் திறக்கமாட்டேங்கிறா," என்றாள் மனைவி, பால் கிண்ணத்தோடு. "அப்பா வரட்டுமாம்."

ரீஹாம் கையை விரித்தாள். பேரீச்சம்பழம் நசுங்கியிருந்தது. அவன் எடுத்து ஊட்டினான்.

"எவ்ளோ நேரம் பறந்தீங்க?" என்றாள், மென்றுகொண்டே.

"எட்டு மணி நேரம்டி."

"அவ்ளோதானா? நான் பதிமூணு மணி நேரம் இருந்தேன்."

சூரியனைத் துரத்தி வந்ததில், துபாய் விடியலில் பிடித்த அவன் நோன்பு பதினேழு மணி நேரமாக நீண்டிருந்தது.

"நீதான் ஜெயிச்ச," என்றான்.