பிடித்தவன் விழவில்லை

"அப்படியே சுழற்றிப் போட்டாங்களாமே."

"தலைகீழா விழுந்தானாம். எழுந்து ஓடினவன் திரும்பிக்கூடப் பார்க்கலையாம்."

"யார் சொன்னது?"

"கட்லெட் கடை அம்மாதான். கண்ணாலயே பார்த்தாங்களாம். இதோ வந்துட்டாங்க, அவங்களையே கேளு. தோமோயே-சான், நிஜமாவா?"

உடை மாற்றும் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தோமோயே இடுப்புப் பட்டையை முடிந்துகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் தப்பு. அங்கேயே "அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். ஆனால் ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் வாரம் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளை, அறுபது வயதுக்கு மேல், நாலு பேர் சேர்ந்து ஆசையாகப் பார்த்தால் உடனே மறுக்க வாய் வருமா? அம்மா போன பிறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம், ஐக்கிடோ தற்காப்புக்கலை சொல்லித்தரும் இந்த டோஜோ ஒன்றுதான்.

நடந்தது வேறு. போன வெள்ளிக்கிழமை, பனி தூவத் தொடங்கியிருந்த சாயங்காலம், கட்லெட் பொட்டலத்தோடு கடையிலிருந்து இறங்கியவளின் மணிக்கட்டைப் பின்னாலிருந்து ஒருவன் பிடித்தான். இன்னொரு கை தோள்பையில் இருந்தது. தோமோயே இடுப்பைத் திருப்பி, கையை வளைத்து, இருபது வருஷமாகச் செய்ததை அப்படியே செய்தாள். அவன் விழவில்லை. நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான்.

ஐக்கிடோவில் ஒருத்தர் பிடிப்பார், மற்றவர் திருப்புவார், பிடித்தவர் விழுவார். மூட்டு முறுக்கிக்கொள்ளாமல், தள்ளு வருவதற்குள் தானே உருண்டுவிடுவார். உருண்டவர் எழுந்து வந்து மறுபடியும் பிடிக்க வேண்டும். விழாமல் முறைத்துக்கொண்டு நிற்கிறவனை அங்கே முரடன் என்பார்கள், அவனோடு ஜோடி சேர யாரும் வரமாட்டார்கள். இவனோ அந்த மரியாதை எதுவும் படிக்காதவன். வெடுக்கென்று இழுத்தான். தோமோயேயின் உடம்பு தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய்தது. தோளைக் கொடுத்து உருண்டு, உள்ளங்கையால் தார்ச்சாலையில் ஒரு அறை அறைந்து, கீறல் இல்லாமல் விழுந்தாள். பை தனியாக விழுந்தது.

அவன் அதை எடுக்கக் குனிந்தான். அதற்குள் அவள் எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தவள் எழுந்து பிடிக்க வேண்டும் அல்லவா? பிடித்துவிட்டு, அவன் தன்னைத் திருப்பிப் போடட்டும் என்று காத்து நின்றாள்.

"விடு. ஏய் கிழவி, விடு. என்ன உனக்கு?"

அவன் கை சில்லென்று இருந்தது. உதறிக்கொண்டு, பையை விட்டுவிட்டு ஓடினான். கடைக்காரம்மா எட்டிப் பார்த்தது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.

பயிற்சி முடிந்ததும் ஒகுயாமா சென்செய் அவளை நிறுத்தினார். வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைந்து, பயிற்சிப் பாயில் பாதிக்கு மேல் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்.

"ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்துல பெண்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. நீங்கதான் செஞ்சு காட்டணும்."

"நானா, சென்செய்? குராமோச்சி-சான் இருக்காரே."

"அவர் விழட்டும். அவர் எறிஞ்சா யார் நம்புவா? துறைமுகத்துல மூட்டை தூக்கறவர். நீங்க எறிஞ்சாதான் நாலு பேர் சேருவாங்க."

"அந்த வெள்ளிக்கிழமை விஷயம்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். பக்கத்துல நின்னு தலையாட்டினாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எண்ணெய்க் கணப்படுப்பைச் சுற்றி முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சென்செய் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னார். தோமோயே தலையாட்டினாள். குராமோச்சி அவள் கையைப் பிடித்தார், அவள் லேசாகத் திரும்பினாள், அந்த மலைபோன்ற மனுஷர் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பாயில் விழுந்தார். கைதட்டல்.

"பார்க்கவே பஞ்சு மாதிரி இருக்காங்க" என்றாள் முன்வரிசைக் கிழவி. "எங்க வீட்டுக்காரரை ஒருநாள் அனுப்பட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஊதாக் கம்பளிச்சட்டை போட்ட ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வயது இருக்கும். கையைத் தூக்கினாள்.

"ஒண்ணு கேட்கலாமா? நான் விட்டுட்டு வந்த புருஷன். இப்போ நான் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டான். சாயங்காலம் ஆனா மாடிப்படியில வந்து நிக்கிறான். இதைக் கத்துக்கிட்டா நான் தைரியமா அவனைத் தாண்டி வீட்டுக்குப் போகலாமா?"

"தாராளமா" என்றார் சென்செய். "தொடர்ந்து வந்தீங்கன்னா..."

"நான் இவங்களைத்தான் கேட்டேன்."

தோமோயே தலையாட்டினால் போதும். டோஜோவுக்கு ஆள் கிடைக்கும், அவள் பேரும் நிற்கும். ஆனால் அந்தப் பெண் இன்றைக்கே அந்தப் படியேறினால்?

தோமோயே குராமோச்சியிடம் கையை நீட்டினாள். "பிடிங்க. நிஜமா."

"நிஜமாத்தானே பிடிச்சேன்."

"இல்ல. விழக் கூடாதுன்னு பிடிங்க."

அவர் சென்செய்யைப் பார்த்தார். சென்செய் ஜன்னலைப் பார்த்தார். குராமோச்சி பிடித்தார். தோமோயே திரும்பினாள், அவர் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திரும்பினாள், தோள்தான் வலித்தது.

"இவ்வளவுதான்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "வெள்ளிக்கிழமையும் இதேதான். பிடிச்சவன் விழல. நான்தான் விழுந்தேன்."

"அப்புறம் எப்படி ஓடினான்?"

"நான் எழுந்து போய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். பழக்கதோஷம். பைத்தியம்னு பயந்துட்டான் போல."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது.

"அப்போ நான் என்ன பண்றது?"

"தள்ளினா மண்டை உடையாம விழக் கத்துத்தரேன். அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இதை நம்பி அந்தப் படியில ஏறாதீங்க. போலீசுல சொல்லுங்க."

"சொல்லியாச்சு. நின்னுட்டுத்தானே இருக்கான், அடிக்கலையேங்கறாங்க."

"அப்போ கொஞ்ச நாள் வேற யார் வீட்லயாவது தங்குங்க."

"யார் வீட்ல?"

தோமோயே பதில் சொல்வதற்குள் சென்செய் கைதட்டி, "சரி, இப்போ எல்லாரும் எழுந்து ஜோடி ஜோடியா நில்லுங்க" என்றார். கூட்டம் எழுந்து கலைந்து நின்றபோது ஊதாக் கம்பளிச்சட்டை அங்கே இல்லை. தோமோயே வெறுங்காலோடு செருப்பு அடுக்கு வரை ஓடினாள். அந்தப் பெண் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல தங்கலாம். அம்மா இருந்த அறை சும்மாதான் கிடக்கு. மீன்சந்தைக்குப் பின்னாடி, சலவைக்கடைக்கு மேல்மாடி. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எறிய முடியாத, இருந்தும் அறை தருகிறேன் என்கிற இந்தக் கிழவியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்திருப்பாள்.

"ரொம்ப நன்றி. யோசிச்சுப் பார்க்கிறேன்."

அந்த ஊரில் அப்படிச் சொன்னால் மாட்டேன் என்றுதான் அர்த்தம் என்று தோமோயேவுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அம்மாவின் மெத்தையை எடுத்து உதறி, அடுப்புப் பக்கத்தில் காயப் போட்டாள். திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாய், பயிற்சி நாள். உடைப்பையைத் தோளில் மாட்டியவள் வாசலிலேயே நின்றாள். தான் போன பிறகு அந்தப் பெண் வந்தால்? கதவு பூட்டியிருந்தால் மறுபடி வருவாளா? பையை இறக்கி வைத்துவிட்டு, முள்ளங்கியும் முட்டையும் போட்ட குழம்பை இரண்டு பேருக்கு ஆகிறமாதிரி அடுப்பில் ஏற்றினாள்.

தொலைபேசி அடித்தது. குராமோச்சி.

"ஏன் வரலை? சென்செய் ஒண்ணும் கோவமா இல்லை. கொஞ்சம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கார், அவ்வளவுதான்."

"ஆள் சேர்ந்தாங்களா?"

"முன்வரிசைக் கிழவி மட்டும் வந்தாங்க. புருஷனைப் போட்டுப் புரட்டணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோமோயே-சான், இத்தனை வருஷம் நான் விழுந்ததெல்லாம் பொய்னு ஆக்கிட்டீங்களே."

"பொய்யில்லை. மரியாதை."

"நீங்க சேர்ந்த புதுசுலயே கேட்டிருந்தா அப்பவே இறுக்கிப் பிடிச்சிருப்பேன்."

"தெரியும். அதான் கேட்கல."

"வியாழக்கிழமையாவது வருவீங்கல்ல?"

"வீட்டுக்கு ஒருத்தங்க வரலாம். அதனால இப்போதைக்கு வர முடியாது."

"உங்க வீட்டுக்கா? யாரு?"

தோமோயே கதவைப் பார்த்தாள். மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. அது அவள் தளம் வரை வராமல் கீழேயே நின்றுவிட்டது.

"பேர் தெரியாது, குராமோச்சி-சான். கேட்க மறந்துட்டேன்."