தாண்டினால் ஒரு சதவீதம்

1

இந்தக் கதை அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பிறந்தது என் அலுவலக மேசையில், ஒரு விதிமுறை வரைவில். கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் எவ்வளவு கட்டணம் பிடிக்கலாம் என்று உச்சவரம்பு கட்டும் அலுவலகம் எங்களுடையது. அங்கே நான் குமாஸ்தா, வீட்டில் எழுத்தாளன். இரண்டு இடத்திலும் மதிப்பு ஒன்றுதான்.

2

'மழை கொட்டிய அந்த மாலையில், அக்கா கார்டு மெஷினைக் கையில்…'

(மழையே இல்லை. வரியை அடித்துவிட்டேன்.)

அந்தக் கார்டு கட்டணத்தில் மூன்று பங்காளிகள்: கார்டு கொடுத்த வங்கி, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி, நடுவில் இரண்டையும் இணைக்கும் நிறுவனம். கடையின் ஆண்டு விற்பனை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் அரை சதவீதம். தாண்டினால் அடுத்த ஆண்டு முழுக்க, எல்லா விற்பனைக்கும், ஒரு சதவீதம். அந்தத் 'தாண்டினால்' என் கைவண்ணம். சொல் கச்சிதமாக இருக்கிறது என்று மேலதிகாரியே பாராட்டினார்.

3

ஆண்டின் கடைசி நாள், பாசம் பொங்கி, எனக்கும் மனைவிக்கும் அக்கா கடையில் கண்ணாடி வாங்கிக் கார்டைத் தேய்த்தேன். விற்பனை வரம்பைத் தாண்டியது. என் பில்லால்.

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். அக்கா சிரிக்கவில்லை.)

4

"லென்ஸ் தேய்க்கிற பொண்ணோட ஒரு மாசச் சம்பளம் இந்தக் கூடுதல் கட்டணத்துலயே போகுதுடா. வாடகையும் ஏறிடுச்சு. அவளை நிறுத்தத்தான் வேணும்போல. உங்க ஆபீஸ்ல எவன்டா இதை எழுதினது?"

"மேலிடத்துலக்கா."

"கடைசி பில் உன்னோடதுன்னு பாத்துட்டேன். அதை விடு, ஆசையா செஞ்சே. எழுதினவன் கடைப்பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டான்."

வாரம் தவறாமல் அந்தக் கடையில் ஓசி டீ குடிக்கிற நான் தலையாட்டினேன்.

"ஒரு மனு எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத வருமே."

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன், அக்கா கண்கலங்கி என்னை… (என் அக்காவா? வேண்டாம்.)

முடிவு ஆ: மேலதிகாரி மனமிரங்கி… (அவரையும் தெரியும்.)

6

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பெயரில் மனு எழுதினேன். வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் கட்டணம் வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தேன். வரைவின்போது இது ஏன் என் மரமண்டைக்கு எட்டவில்லை என்று வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் உருப்படியானது அந்த மனுதான்.

திங்கட்கிழமை அது முத்திரையோடு என் மேசைக்கே வந்தது, பதில் தயாரிக்கச் சொல்லி. 'தங்கள் கோரிக்கை' வரை எழுதிவிட்டேன். அதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கீழே கையெழுத்துப் போட வேண்டியவன் நான், என் கையெழுத்து அக்காவுக்குத் தெரியும்.