இருபதாவது ஆள்

நகக்கண்ணில் இருந்த வெள்ளை மட்டும் போகவே இல்லை. கலீமுல்லா மூன்றாவது ஈர்க்குச்சியை ஒடித்து, இறந்துபோன அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சுரண்டினான். குச்சிதான் வளைந்தது.

"மெதுவாப்பா. மையத்துக்கும் வலிக்கும்" என்றார் மோதினார் ஷாஹுல் ஹமீது. குளிப்பாட்டுவதற்காகக் கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர். "நகத்த வெட்டவும் கூடாது. தண்ணி உள்ள போயி சேரவும் வேணும். இன்னாடான்னா, பெயிண்டு அடைச்சிக்கினு கீது."

அண்ணன் கரீமுல்லாவுக்கு இது தெரியாததா? உயிரோடு இருந்தவரை தினம் ஐந்து வேளையும் அவர் பட்ட பாடே இதுதான். தோலில் பெயிண்டு இருந்தால் தண்ணீர் படாது. தண்ணீர் படாமல், தொழுமுன் கைகால் முகம் கழுவுகிற ஒளு சேராது. ஒளு இல்லாமல் தொழ முடியாது. ஈய வெள்ளையை எண்ணெயில் குழைத்து அரைப்பதே பிழைப்பாக இருந்தவர் என்னதான் செய்வார்? பாங்குச் சத்தம் கேட்டதும் மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைப்பார். நகக்கண்ணில் மிஞ்சியதை, நேரம் தப்பிவிடுமே என்ற பதைப்பில், பல்லால் கடித்தெடுத்துத் துப்புவார். துப்பியது கொஞ்சம், உள்ளே போனது கொஞ்சம். இப்படிப் பதினோரு வருஷம். தொழுகைக்காகக் கையைச் சுத்தம் செய்தே மனிதர் விஷம் தின்றிருக்கிறார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மோதினார் விரலில் துணியைச் சுற்றிப் பல்லைத் துடைத்தார். கை சட்டென்று நின்றது. "ஈறு ஓரமா நீலமா கோடு போட்டாப்புல கீதே, இன்னாது இது?"

"அது போவாது பாய். வுட்டுருங்க."

அதே கோட்டைத்தான் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துக் காட்டியிருந்தார். ஈயம் உடம்பில் ஏறினவனுக்கு வருவதாம். வயிற்றைப் பிசைந்த வலியும், மணிக்கட்டு செத்துக் கை தொங்கிப்போனதும், கடைசியில் வந்த வலிப்பும் எல்லாம் அதனால்தானாம். "எங்கே வேலை செய்யறார்?" என்று டாக்டர் கேட்டபோது, "வூடுங்களுக்கு வெள்ளையடிக்கிறாரு சார்" என்று கூசாமல் சொன்னவன் இதே கலீமுல்லாதான்.

சொல்லாமல் என்ன செய்வான்? கால்வாய்க் கரையில் இருந்த கோதண்டபாணியின் பெயிண்டுப் பட்டறையில் அவன்தான் ரைட்டர். பெயர்ப் புத்தகம் அவன் கையெழுத்து. அதில் அவனையும் சேர்த்துப் பத்தொன்பது பெயர். எஞ்சின் ஓடுகிற இடத்தில் இருபது பேர் வேலை செய்தால் பாக்டரிச் சட்டம் வந்துவிடும். ஆளுக்குச் சோப்பு, துண்டு, நகம் தேய்க்கப் பிரஷ், சாப்பிடத் தனி இடம், மாதாமாதம் டாக்டர் பரிசோதனை. பத்தொன்பது என்றால் ஒன்றும் கிடையாது. ஏதோ பத்தொன்பது பேருக்கு மட்டும் ஈயம் ஒன்றும் செய்யாது போல!

சண்டைக்காலத்து மிலிட்டரி ஆர்டர் வந்து வேலை ஏறியதும் இருபது பேர் தேவைப்பட்டது. "ஒரு பேர எழுதாம வுட்ரு கலீமு" என்றார் கோதண்டபாணி. யார் பெயரை விட்டாலும் அவன் சண்டைக்கு வருவான். வாயில்லாப் பூச்சி ஒருவர்தான் இருந்தார். கலீமுல்லா கூடப்பிறந்தவரின் பெயரை விட்டான். அதுவரை கொட்டகையில் அரைத்துக்கொண்டே புத்தகமும் எழுதிவந்த கலீமுல்லாவை அதற்கடுத்த மாதம் ஆபீஸ் அறைக்கு மாற்றினார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் கரீமுல்லா பின்வாசல் வழியாகப் போய்க் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"கலீம்." கோணிப் படுதாவுக்கு அப்பாலிருந்து அண்ணி அஸ்மத்துன்னிசாவின் குரல் வந்தது. வெந்நீர்க் குடத்தை உள்ளே நகர்த்தினாள். "டாக்டர் நேத்து எங்கிட்டயும் கேட்டாரு. நான் பட்டறைன்னு சொல்லிட்டேன்."

அவன் குடத்தை வாங்கி மோதினார் பக்கம் வைத்தான்.

"வெள்ளையடிக்கிறவர்னு நீ சொன்னியாமே."

"பாபி, அது வந்து..."

"பதினோரு வருசம் அந்த எஞ்சின் கிட்ட நின்னாரு. மவுத்தான அப்புறமாவது அங்க நின்னாருன்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மோதினார் கடைசித் தண்ணீரை ஊற்றினார். "நம்மால ஆனது இவ்ளோதான். அல்லா ஏத்துக்குவான்" என்றார். வெள்ளை அப்படியே இருந்தது. கபன் துணியால் கையை மூடினார்கள்.

பதினொரு மணிக்குக் கோதண்டபாணி வந்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கலீமுல்லாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம்பா. அந்த டாக்டர் எழுதிப் போட்டுட்டாரு. அடக்கம் முடிஞ்சதும் ஒரு எட்டு வந்துட்டுப் போ. புஸ்தகம் உன் கையெழுத்தாச்சே."

"இன்னிக்கேவா மொதலாளி?"

"சட்டத்துல மாட்டினா எண்ணெய் பர்மிட்டை நிறுத்திடுவான். அப்புறம் பட்டறைக்குப் பூட்டுதான். பத்தொன்பது வூட்டு அடுப்பு எரியணுமில்ல? உங்கண்ணன் இருந்தா அவரே வேணாம்னு சொல்லியிருப்பாரு." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப பொய்யும் இல்லையே. எண்ணிக்கைதான் சரியாப் போச்சே."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பட்டறை ஆட்கள்தான் மையத்தை வைத்த சந்தூக்கை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ராயப்பேட்டைக் கபர்ஸ்தானில் குழி தயாராக இருந்தது. கலீமுல்லா மூன்று பிடி மண் போட்டான். கையை உதறியபோது தன் நகத்தைப் பார்த்தான். மண்தான் இருந்தது.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய், ஆட்களை விரல் விட்டு எண்ணினார். திரும்பி வந்து கலீமுல்லாவையும் சேர்த்துக்கொண்டு, "பத்தொன்பது" என்றார். புத்தகத்தைப் புரட்டினார். "இதுலயும் பத்தொன்பது."

"எப்பவும் அவ்வளவுதான் சார்" என்றார் கோதண்டபாணி.

"போன பன்னெண்டு மாசத்துல ஒரே ஒரு நாள் இருபது பேர் வேலை செஞ்சிருந்தாலும் சட்டம் உண்டு. தெரியுமில்ல?" இன்ஸ்பெக்டர் கலீமுல்லா பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதறீங்க? இவ்வளவு பேர்தானா?"

எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். கொட்டகை வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவன், வேணாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தான். அவன் வீட்டில் நாலு குழந்தைகள். இவர்களுக்கு நாளைக்குச் சோறு இருக்குமா என்று கலீமுல்லாவுக்குத் தெரியாது. யார் யாருடைய ஈறில் கோடு ஏறியிருக்கிறது என்பதும் தெரியாது.

"இருபது பேரு சார்" என்றான்.

கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஆட்களைப் பார்த்தார். "இன்னொரு ஆள் எங்கே?"

"இன்னிக்கு வேலைக்கு வரல சார்."

"எழுதுங்க."

கலீமுல்லா பேனாவை மையில் தொட்டான். பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே இருபது என்று போட்டு, கரீமுல்லா என்று எழுதினான். சேர்ந்த வருஷம், 1933. வேலை, அரைவை. கடைசிக் கட்டம் கைநாட்டு வைப்பதற்கு. அதற்கு மேலே, அவனைத் தவிர்த்த பதினெட்டுப் பேரின் கட்டைவிரல் மையும், அதைச் சுற்றி அவர்கள் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையும் பதிந்திருந்தன. மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தான், தினம் வைப்பது போல. பிறகு ஏதோ நினைவு வந்தவனாக மூடினான்.