ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு

சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கணக்குப்படி பதினெட்டு மணி நேரத்தில் அணைய வேண்டிய விளக்கு, நான்காவது நாளும் அவள் அறை அலமாரியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தது.

புத்தகத்தின் ஓரத்தில் செருகிப் படிக்கிற விளக்கு அது. சுண்டுவிரல் நீளம்தான். மாலை வகுப்பில் கற்றதை வைத்து அவளே செய்தது. புத்தகக் கடைக்காரர் இருநூறு விளக்கு கேட்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு: எத்தனை மணி நேரம் எரியும் என்று பெட்டியின் மேல் போட வேண்டும், போட்டது பொய்யாகக் கூடாது. முன்பு வேறொருவர் கொடுத்த விளக்குகள் பாதிக் கதையிலேயே அணைந்துபோய், வாங்கியவர்கள் கடைக்கே வந்து சண்டை போட்டிருந்தார்கள். இந்த வியாபாரம் சூடுபிடித்தால் மருந்துக் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலையை விட்டுவிடலாம் என்பது சின்னவளின் ஆசை.

பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை, விளக்கு ஒரு மணிக்கு இழுக்கும் அளவால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். அவளுக்குத்தான் தன் வகுத்தல் மேல் என்றுமே நம்பிக்கை கிடையாது. மீட்டரை மாற்றி அளந்தாள். புள்ளியை இடம் தவறி வைத்துவிட்டோமோ என்று முதலிலிருந்து போட்டாள். அதே பதினெட்டு.

"நீ கணக்குல வீக்குன்னு எங்களுக்குத் தெரியும். பாவம், பேட்டரிக்குத் தெரியாதுல்ல" என்றான் அண்ணன். "நாலு நாளா எரியுதுல்ல, பேசாம தொண்ணூறு மணி நேரம்னு போடு. கடைக்காரர் போன் பண்ணாரு, நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன். சாயங்காலம் வர்றாராம்."

"யாரைக் கேட்டுச் சொன்னே? சட்டியில இருந்தாத்தானேண்ணா அகப்பையில வரும்!"

அன்று கிடங்கு வேலையில் மனம் ஓடவில்லை. மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெளிக்கதவு திறந்தே கிடந்தது. அறை இருட்டாக இருந்தது. அப்பாடா, அணைந்துவிட்டது! கையில் எடுத்துப் பார்த்தால், சுவிட்சே போடவில்லை.

அம்மா ஓடிவந்தாள். "வந்துட்டியா? கதவுச் சத்தமே கேக்கலியே!"

"இதை யாரும்மா அணைச்சது?"

"நான்தான். ஆளில்லாத ரூம்ல எதுக்குடி விளக்கு? நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் போட்டுடுவேன். நீ தூங்கினா அணைச்சிடுவேன், முழிக்கிறதுக்குள்ள திரும்பப் போட்டுடுவேன். ஒரு நாளாவது மறந்திருக்கேனா?"

"ஐயோ அம்மா! எதுக்கு?"

"உன் பேட்டரி மிச்சமாகட்டும்னுதான். நல்லதுக்கே காலமில்லை."

சின்னவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கோபப்படக்கூட வழியில்லை.

மாலையில் கடைக்காரரிடம், அண்ணன் கண்ணைக் கண்ணைக் காட்டியும், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். "தொண்ணூறு இல்லை சார். பதினெட்டுன்னு கணக்கு வருது. அதையும் இன்னும் எரிச்சுப் பார்க்கலை."

அவர் முகம் சுருங்கியது. "உங்க வீட்டுல எரிச்சுப் பார்த்தது போதும்மா. புதுசா பேட்டரி போட்டுக் கொடு, என் மேசையிலேயே எரியட்டும்." எரிகிற விளக்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியத்துக்குள் போன் வந்தது. "கடை திறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எரியுது, ஆனா எழுத்து தெரியலை. பதினேழு மணி நேரம் ஆகுது."

"அப்ப பதினைஞ்சுன்னு போடலாமா சார்?"

"ஏம்மா, அதையும் குறைக்கிறே?"

"பேட்டரிக்குப் பேட்டரி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் சார்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி, பதினைஞ்சுன்னே போடு. இருநூறையும் அடுத்த வாரம் அனுப்பு. இனிமே உங்க அண்ணனைப் போன் எடுக்க விடாதே."