என் தம்பி தூங்கிக் கொடுத்த பரிசோதனை

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர். குறட்டைன்னா அப்படியொரு குறட்டை. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நேத்து வண்டி மேட்டுல ஏறிச்சு போல"ன்னு கிண்டல் பண்ணுவார். குறட்டைக்கு நான் பயப்படலை. அது திடீர்னு நின்னு, கூடவே மூச்சும் நிக்கும் பாருங்க, அதுக்குத்தான் பயம்.

கொஞ்ச நாளா இவருக்கு ஓயாத தலைவலி. குளிச்சுட்டு வந்தா உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சிவப்பணு எக்கச்சக்கமா இருக்கு. தூக்கத்துல மூச்சு நின்னு ஆக்சிஜன் குறைஞ்சாலும் இப்படி ஆகும்"னு சொல்லி, மூச்சை அளக்க விரல்லயும் மூக்குலயும் மாட்டிக்கிட்டுத் தூங்குற மெஷின் ஒண்ணைக் கையில கொடுத்து அனுப்பினார்.

இந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? மூச்சு நிக்குதுன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு, என் தம்பியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டுட்டார். அந்தத் தடியனும் மாமா சொல்லிட்டாருன்னு மல்லாந்து படுத்துத் தூங்கி எழுந்தான். தலைகீழா நின்னு பார்த்தேன், ரெண்டு பேரும் கேக்கலை.

இன்னிக்கு டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "மூச்சுல ஒரு குறையும் இல்லை."

இவர் என்னைப் பார்த்துப் பெருமையாச் சிரிச்சார்.

"அப்ப காரணம் வேற. ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகையா இருக்கலாம். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கணும்."

இவருக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா மேஜைக்கு அடியில என் கையைப் பிடிச்சு அழுத்தினார். பேசாதேன்னு அர்த்தம். புற்றுநோய்ங்கிறாங்க, இப்பவுமா லைசென்ஸு? கையை உதறினேன்.

"டாக்டர், அந்த மெஷினை மாட்டிக்கிட்டுத் தூங்கினது இவர் இல்லை. என் தம்பி."

டாக்டர் பேனாவைக் கீழே வச்சார்.

"அப்ப எனக்குப் புற்றுநோய் இல்லதானே?" இவர் மெதுவாக் கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது. தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கூடுதலான்னு ஆராய்ஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. ரெண்டுமே இருக்கலாம். புற்றுநோயான்னு தெரிய இன்னிக்கே மரபணு சோதனைக்கு ரத்தம் கொடுங்க. மெஷினை இந்தத் தடவை இங்கே வந்து மாட்டிக்குங்க. அதுவரைக்கும் பஸ்ஸைத் தொடக்கூடாது."

ரத்தம் எடுக்குற அறையில நர்ஸ் இவர் கையில பட்டையை இறுக்கினாங்க. இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா முட்டிச்சு. "மூச்சு நின்னா உலுக்கி எழுப்ப நான் பக்கத்துல படுத்திருக்கேன். ரத்தம் கெட்டுப்போனா எதைங்க உலுக்குவேன்?"

நர்ஸ் ஊசியோட காத்துக்கிட்டு நின்னாங்க. இவர் விரலை மடக்கிக்கிட்டு, குத்துங்கன்னு தலையாட்டினார்.